ஒரு மூடி மாறியதால் போன ஏழு வாரம்

சூளையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பளபளப்புதான். பரவாயில்லையே, நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மேலே இருந்த கிண்ணத்தை எடுக்கக் கை வைத்தால் அது அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் தூக்கினால் கிண்ணத்தோடு சேர்ந்து சூளைத் தட்டும் எழுந்து வந்தது. குனிந்து பார்த்தேன். விளிம்புப் பக்கம் கிளேஸ், அதாவது மண்பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு, இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது. மிச்சம் எல்லாம் வழிந்து இறங்கி, அடிவளையத்தைச் சுற்றி விரல் தடிமனுக்குக் கண்ணாடியாகச் சுருண்டு கிடந்தது. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் குளம் மாதிரி தேங்கி நின்றது. மொத்தம் 12 கிண்ணங்கள். ஒரு தோழி வெள்ளையாக, ஒரே மாதிரியாக ஒரு செட் வேண்டும் என்று கேட்டிருந்தாள். முன்பணமும் வாங்கியிருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. என்னிடம் நிறமற்ற கிளேஸ் இரண்டு வாளிகளில் இருந்தது. கோன் என்பது சூளைச் சூட்டைக் குறிக்கும் எண். ஒன்று கோன் 6-க்கானது, அதாவது சுமார் 1,220 டிகிரி செல்சியஸில் உருகி, அதிகச் சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் மண்ணோடு ஒட்டக்கூடியது. இன்னொன்று கோன் 06-க்கானது, சுமார் 1,000 டிகிரி போதும். முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பூஜ்யத்தில்தான் 200 டிகிரிக்கு மேல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. இரண்டு வாளிகளின் மூடிகளையும் ஒரே நாளில் கழுவிக் காயவைத்தேன். மாற்றி மூடிவிட்டேன். அதனால் கோன் 06 கிளேஸைப் பூசி, கோன் 6 சூட்டில் சுட்டுவிட்டேன். பெயர் எழுதியிருந்தது மூடியில் மட்டும். உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள், முடியாது. சுடாத கிளேஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுண்ணாம்புத் தண்ணீர்தான். நீலமாக வரப்போகும் கோபால்ட் கிளேஸ் வாளியில் ரோஜா நிறமாகத் தெரியும், பச்சையாக வரப்போவது சாம்பலாகத் தெரியும். கண்ணை நம்பி எதுவும் ஆகாது. இப்போது என் வாளிகளின் வயிற்றிலேயே அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன். அதோடு அதே கிளேஸ் பூசிச் சுட்ட, ஓட்டை போட்ட ஒரு சின்ன மாதிரித்துண்டைக் கைப்பிடியில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மூடியில் எழுதவே எழுதாதீர்கள். மூடிகள் ஊர் சுற்றும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் சுடுவதற்கு முன்னால் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சுடாத கிளேஸ் வெறும் தூள். குழாயடியில் காட்டி ஸ்பாஞ்சால் துடைத்தால் அஞ்சு நிமிஷத்தில் போய்விடும். பிறகு பிஸ்க் பாத்திரம், அதாவது கிளேஸ் பூசும் முன் ஒருமுறை சுட்ட பாத்திரம், குடித்த தண்ணீர் முழுதாக வற்றும்வரை ஒன்றிரண்டு நாள் காயவைத்து மறுபடி பூசலாம். பூசும்போது அன்றைக்கு எனக்கு ஒரு நெருடல் இருந்தது உண்மை. வழக்கத்தைவிடச் சீக்கிரம் காய்கிறதே என்று தோன்றியது. ஒரு சின்னத் துண்டைச் சுட்டுப் பார்க்கச் சோம்பல். அந்தச் சோம்பலின் விலைதான் இனி வருவது எல்லாம்.

முதல் வாரம் முழுக்க நான் செய்தது முட்டாள்தனம். பெயிண்டைக் கழற்றுவது போல இதையும் ஏதாவது ஒரு திரவத்தில் ஊறப்போட்டுக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தை இரண்டு நாள் வினிகரில் போட்டேன். இன்னொன்றைச் சோடா கரைத்த தண்ணீரில் கொதிக்கவிட்டேன். பெயிண்ட் நீக்கும் திரவத்தையும் தடவிப் பார்த்தேன். கிண்ணங்கள் முன்பைவிடச் சுத்தமாகப் பளபளத்தன, அவ்வளவுதான். பின்னர் யோசித்தால் சிரிப்பு வருகிறது. கிளேஸ் என்பது கண்ணாடி. சிலிக்காவும் அலுமினாவும், அதை உருகவைக்கும் பொருள்களும் சேர்ந்து உருகி, அடியில் இருக்கும் மண்ணையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு இறுகிய கண்ணாடி. மண்ணுக்கும் அதற்கும் நடுவே உரித்தெடுக்கும்படியான எல்லைக்கோடு எதுவும் இல்லை. வினிகர் பாட்டிலே கண்ணாடிதானே, அதை வினிகர் தின்றதா என்ன?

கண்ணாடியைக் கரைக்கும் ஒரு அமிலம் இருக்கிறது, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். தேடியபோது நானும் அந்தப் பெயரில் போய் நின்றேன். நல்லவேளை, அடுத்த பத்தியையும் படித்தேன். அது தோலில் பட்டால் சில சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. உள்ளே இறங்கி உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். வீட்டில், சின்னப் பட்டறையில், எந்தச் சாக்கிலும் அதைத் தொடவேண்டாம். அமிலம் என்ற வழியையே மறந்துவிடுங்கள். சுட்ட கிளேஸை எடுக்க ஒரே வழி தேய்ப்பது. கையால் தேய்க்கலாம், இயந்திரத்தால் தேய்க்கலாம், மணல் பாய்ச்சித் தேய்க்கலாம். எல்லாம் தேய்ப்புதான்.

அதற்கு முன் தட்டில் ஒட்டியவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. 12-ல் 7 ஒட்டியிருந்தன. தட்டில் கிளேஸ் ஒட்டாமல் இருக்கப் பூசும் கில்ன் வாஷ் இருந்த இடங்களில் மெல்லிய உளியை அடிவளையத்துக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், விட்டுவிடும். பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் விடவில்லை. பொறுமை போய் இரண்டை ஓங்கித் தட்டினேன். கிண்ணம் கையில் வந்தது, அடிவளையம் தட்டிலேயே நின்றுவிட்டது. ஆக 10. தட்டிய மூன்றாவது அடியில் ஒரு சில்லு தெறித்துக் கன்னத்தில் கீறியது. ஒரு விரல்கடை மேலே பட்டிருந்தால் கண். அதற்குப் பிறகுதான் பக்கங்களையும் மூடும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியை வாங்கினேன். உடைந்த கிளேஸ் விளிம்பு பிளேடுக்குச் சமம், கையுறை இல்லாமல் அந்தத் தட்டுகளைத் துடைக்கப் போகாதீர்கள். ஒரு தட்டைச் சரிசெய்ய முடியாமல் தூக்கிப்போட்டேன். தட்டின் விலை 12 கிண்ணங்களுக்கான மண்ணைவிட அதிகம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் கையால் தேய்க்கும் கல்லை எடுத்தேன், சிலிக்கான் கார்பைடு கல். ஒரு மணி நேரம் தேய்த்தேன். சுருண்டிருந்த கிளேஸில் ஒரு பக்கம் லேசாக மங்கியது. அடியில் ஒட்டிய சின்னச் சொட்டுக்கு அந்தக் கல் அருமையான சாமான், விரல் தடிமன் கண்ணாடிக்கு ஆகாது. அப்புறம் கையில் பிடிக்கும், முனை சுழலும் ரோட்டரி கருவியும், அதில் மாட்ட வைரத்தூள் பதித்த முனைகளான டைமண்ட் பிட் ஒரு பாக்கெட்டும் வாங்கினேன். முதல் பிட் பத்து நிமிஷத்தில் வழவழவென்று ஆகிவிட்டது. மட்டமான பிட் என்று திட்டிக்கொண்டே அடுத்ததை மாட்டினேன், அதுவும் போனது. தப்பு பிட்டில் இல்லை. டைமண்டைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது. சூட்டில், கற்களைப் பிடித்து வைத்திருக்கும் உலோகப் பூச்சு உரிந்துபோகிறது. அதோடு கிண்ணமும் ஒரே இடத்தில் சூடாகிறது. அப்படிச் சூடேறிய ஒரு கிண்ணம் நான் கையில் பிடித்திருக்கும்போதே மயிரிழையாக விரிசல் விட்டது. ஆக 9.

அடுத்து மேசை கிரைண்டரில் பச்சைச் சக்கரம், அதுவும் சிலிக்கான் கார்பைடுதான். கடினமான உலோகக் கருவிகளைத் தீட்ட வைத்திருப்பது. இது வேலையை முடித்துவிட்டது என்றே சொல்லவேண்டும். அடிவளையச் சுருளை இருபது நிமிஷத்தில் சீராக எடுத்தது. என்ன, தவறிக் கொஞ்சம் அழுத்தினால் மண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். புதுச் சக்கரத்தை மாட்டும் முன் ஒரு கட்டைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் முழுசு, மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். விரிசல் விட்ட சக்கரம் ஓடும்போது வெடிக்கும். கிண்ணத்துக்குள் தேங்கிய குளத்தை இந்தச் சக்கரத்தால் எட்ட முடியாது. அதற்கு மறுபடி ரோட்டரி கருவிதான், உருண்டைத் தலை உள்ள டைமண்ட் பிட். உள்வளைவில் கண்ணாடியைச் சமமாக எடுப்பது போல அலுப்பான வேலை வேறு இல்லை. ஒரு பள்ளம் விழும், அதைச் சரிக்கட்டப் பக்கத்தில் தேய்த்தால் அங்கே இன்னொரு பள்ளம். முதல் கிண்ணத்தை உள்ளும் புறமும் முழுக்கச் சுரண்டி முடிக்க நாலரை மணி நேரம் ஆனது.

இப்போது நான் வெட்கப்படும் பகுதி. பச்சைச் சக்கரத்தோடு முதல் இரண்டு நாள் வேலையை உலர்வாகத்தான் செய்தேன், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு. சன்னலைத் திறந்து வைத்திருந்தேன், அது போதும் என்று நினைப்பு. சாயந்திரம் மூக்குச் சிந்தினால் சாம்பல் நிறம். ராத்திரி தொண்டை கரகரத்தது. அப்புறம்தான் படித்தேன், கிளேஸைத் தேய்க்கும்போது கூடவே மண்ணும் தேய்கிறது. சுட்ட மண்ணுக்குள் படிகச் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற நோய்க்குக் காரணம் அதுதான், வந்தால் திரும்பப்போகாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். மூன்றாம் நாளிலிருந்து எல்லாமே ஈரத்தில்தான். ஒரு டப் தண்ணீரில் கிண்ணத்தை அடிக்கடி முக்கி, ஸ்பாஞ்சால் நனைத்துக்கொண்டே தேய்த்தேன். முகத்தில் நுண்தூளையும் பிடிக்கும் பி100 வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி. துணி மாஸ்க் இதற்கு ஒன்றுமே இல்லை. தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். தேய்த்த தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் சிமென்ட் மாதிரி படியும். வாளியில் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, சேற்றை உலராமல் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கிற இடம் என்பதால் பேட்டரியில் ஓடும் கருவி நல்லது. வயர் கருவிதான் இருக்கிறது என்றால் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் செருகவேண்டும்.

பழைய பாத்திரம், யார் செய்தது என்றே தெரியாதது, அதன் கிளேஸைச் சுரண்டி அழகுபடுத்தலாம் என்று யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், வேண்டாம். பழைய கிளேஸ்களில் ஈயம் இருந்திருக்கலாம். பாத்திரத்தில் சும்மா இருக்கும்போது செய்வதைவிட, தூளாக்கி மூச்சில் இழுக்கும்போது அது பல மடங்கு கெடுதல் செய்யும். நான் சுரண்டியது என் கையால் கலந்த கிளேஸ், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒரு கிண்ணத்தை இரும்புச் சாமான்களில் துரு நீக்கித் தரும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். காற்றழுத்தத்தில் துகளைப் பாய்ச்சுவார்கள். சில நிமிஷ வேலை. கிளேஸ் முழுக்க ஒரே சீராக மங்கி, தடித்த இடங்கள் கரைந்து, புதுக் கிளேஸ் பிடிக்க ஏற்றபடி சொரசொரப்பாக வந்தது. அடடா, இதை முன்பே செய்திருக்கலாமே என்று நினைத்தேன். அவர்கள் பாய்ச்சியது எஃகுத் துகள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதன் பலன் சூளையில்தான் தெரிந்தது. நீங்கள் போனால், என்ன துகள் என்று முதலில் கேளுங்கள். அலுமினியம் ஆக்சைடு என்றால் சரி. எஃகு என்றால் திரும்பிவிடுங்கள்.

முழுக்கச் சுரண்டவேண்டிய தேவையே இல்லை என்பது இரண்டாவது கிண்ணத்தின் பாதியில்தான் புத்தியில் ஏறியது. சுவரில் ஒட்டியிருந்த மெல்லிய படலம் புதுக் கிளேஸோடு உருகிக் கலந்துவிடும். அதனால் புதுக் கிளேஸ் கொஞ்சம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். தொல்லை தருவது அடியில் சுருண்டதும் உள்ளே தேங்கியதும். அவற்றை மட்டும் எடுத்து, மிச்சப் பரப்பை மங்கும்வரை தேய்த்துவிட்டால் போதும். ஒரு கிண்ணத்துக்கு நாலரை மணி நேரம் என்பது ஒன்றரை மணியாகக் குறைந்தது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் மூன்று மணி நேரமும் என் மணிக்கட்டும் மிஞ்சியிருக்கும்.

மறுபடி கிளேஸ் பூசுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். பிஸ்க் பாத்திரத்தைக் கிளேஸில் முக்கினால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தூளைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும், மூன்று நொடி வேலை. முழுச் சூட்டில் சுட்ட ஸ்டோன்வேர் அப்படித் தண்ணீரை உறிஞ்சாது. முக்கி எடுத்தேன், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடிவிட்டது. தடிப்பாகக் கலந்து பூசினேன். காயும்போது ஓடு ஓடாக விரிந்து உதிர்ந்தது. ஹேர் ட்ரையரோடு மல்லுக்கட்டி ஒரு சாயந்திரம் போனது. கடைசியில் பலித்த முறையைச் சொல்கிறேன். கிளேஸ் வாளியை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிடவேண்டும். எப்சம் உப்பைத் தண்ணீரில் கரையுமட்டும் கரைத்து, அந்தக் கரைசலில் சில சொட்டு விட்டுக் கலக்கினால் கிளேஸ் தயிர் மாதிரி திரளும். சொட்டுச் சொட்டாக விடுங்கள், கூடினால் கூழாகிவிடும். ஒட்டுவதற்குச் சிஎம்சி என்ற செல்லுலோஸ் கோந்து. இதைச் சுடுதண்ணீரில் தூவி ஒரு ராத்திரி ஊறவிட்டால்தான் கட்டி இல்லாமல் கரையும். வேண்டிய அளவு கிளேஸில் மட்டும் கலந்துகொள்ளுங்கள், வாளி முழுக்கக் கலந்தால் சில நாளில் அழுகி நாற்றம் எடுக்கும். கிண்ணத்தைச் சமையல் ஓவனில் வைத்து, கையுறை இல்லாமல் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, பரந்த மென்மையான தூரிகையால் ஒரே இழுப்பாகப் பூசவேண்டும். தண்ணீர் அப்படியே ஆவியாகித் தூள் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் மறுபடி சுடவைத்து அடுத்த பூச்சு. மெல்லிசாக மூன்று, நாலு தடவை. ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் கட்டாயம் உதிரும். பூசும் முன் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு விரலால் தொடாமல் இருக்கவேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கிளேஸ் சூளையில் சுருங்கி விலகும்.

வெள்ளைச் செட் என்ற ஆசை அதற்குள் போய்விட்டது. தேய்த்த தழும்புகள் நிறமற்ற கிளேஸுக்குள்ளிருந்து தெரியுமே. வெளியே செம்பு கலந்த பச்சை, உள்ளே வெள்ளை என்று முடிவு செய்தேன். பச்சை வெளியே மட்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. செம்புக் கிளேஸிலிருந்து புளிப்பான பொருளுக்குள் செம்பு இறங்கலாம். அதிலும் நான் பூசுவது பழைய படலத்தின் மேல், இரண்டும் கலந்து என்ன கலவை ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. உள்பக்கத்தைப் பின்னர் ஒரு ராத்திரி முழுக்க வினிகர் ஊற்றி வைத்துப் பார்த்தேன், மங்கவில்லை, நிறம் மாறவில்லை. இந்தச் சோதனையில் தோற்றால் பாத்திரம் ஆகாது என்று தெரியும். தேறினால் ஆகும் என்று உறுதி கிடையாது, அதற்கு ஆய்வகத்தில்தான் கொடுக்கவேண்டும்.

முதல் மறுசுடலில் நாலு கிண்ணங்கள் வைத்தேன், பச்சைச் சக்கரத்தில் தேய்த்தவை மூன்று, பட்டறைக்குப் போய்வந்தது ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்திருக்கவேண்டும், ஆனால் ஒரு சுடலுக்கான மின்சாரத்தை ஒரே கிண்ணத்துக்குச் செலவழிக்க மனசு வரவில்லை. மறுநாள் திறந்தால் ஒன்று விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து நின்றது. இரண்டில் தேய்த்த இடம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கொப்புளம். அம்மை போட்ட மாதிரி குழி குழியாக, ஒவ்வொரு குழியையும் சுற்றிச் சிவப்பு. பச்சைக் கிளேஸில் சிவப்பு எங்கிருந்து வந்தது? பட்டறைக் கிண்ணத்தில் கிளேஸ் ஒழுங்காக வந்திருந்தது, ஆனால் மேலெல்லாம் பழுப்புப் புள்ளி. அது எஃகுத் துகள் பதிந்த இடம், இரும்பு.

அன்றைக்கு ராத்திரி எனக்குப் பானைச் சக்கரம் கற்றுத்தந்த அக்காவுக்குப் போன் போட்டேன். ஒன்றரை மாதமாக வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேய்ச்சதை என்ன வச்சுக் கழுவினே?" என்று ஒரே கேள்வி கேட்டார். துடைத்தேன் அக்கா என்றேன். "அப்ப அந்தக் கல்லுத் தூள் உள்ளேயே இருந்திருக்கும்மா. எரிமலை மாதிரி கிளேஸ் வேணும்னு சில பேர் அதை வேணும்னே கலப்பாங்க" என்றார். சிலிக்கான் கார்பைடு துகள் சூளையில் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு வாயுவை வெளிவிடும். அந்த வாயுதான் உருகிய கிளேஸைத் துளைத்துக்கொண்டு குமிழாக வெளியேறியது. பக்கத்தில் இருந்த செம்பு ஆக்சைடிலிருந்தும் ஆக்ஸிஜனைப் பிடுங்கியதால் அந்த இடம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருக்கிறது. செம்புச் சிவப்பு வேண்டுமென்று தவம் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது அழைக்காமல் வந்தது. விரிசலுக்குக் காரணம் என் அவசரம் என்றார். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். முதல் சுடலில் உண்டான கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு சிலிக்காப் படிகம் 200 டிகிரியைத் தாண்டியதும் தன் பங்குக்கு ஒரு உதறல் உதறும். ஒருமுறை இறுகிய பாத்திரம் பிஸ்க் மாதிரி அந்த அதிர்ச்சியைத் தாங்காது. நான் வழக்கமான வேகத்தில்தான் ஏற்றியிருந்தேன். கடைசியாக, "ஏம்மா, புதுசா பன்னெண்டு வனைய உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

இரண்டாவது மறுசுடலுக்கு மூன்று கிண்ணங்கள் தயார் செய்தேன். சுருளைப் பச்சைச் சக்கரத்தில் ஓரளவு எடுத்துவிட்டு, கடைசிக் கட்டத்தை டைமண்ட் பேடால் ஈரத்தில் முடித்தேன். பிறகு நைலான் பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் பத்து நிமிஷம், பிறகு காய்ச்சின தண்ணீர், பிறகு மறுபடி பிரஷ். கறுப்புத் தூள் கொஞ்சமும் வராதவரை. தேய்த்து முடித்த கிண்ணத்தில் அடிவளையம் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும், அதனால் ஓவனில் 100 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் வைத்தேன். பழைய படலம் ஓட்டத்தைக் கூட்டும் என்பதால் அடியில் ஒரு விரல்கடை அகலத்துக்குக் கிளேஸ் பூசவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும் அதே மண்ணில் செய்த ஒரு பலிகடா வட்டு. வழிந்தால் வட்டு போகட்டும், தட்டு பிழைக்கும். 600 டிகிரி தாண்டும்வரை மணிக்கு 80 டிகிரிக்கு மேல் ஏற்றவில்லை. 13 மணி நேரம் ஓடியது. ஆறும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டேன், கையைக் கட்டிக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றும் நன்றாகவே வந்தன. வெளியே பச்சை அடிப்பக்கம் கொஞ்சம் ஆழமாகத் திரண்டு, திட்டமிட்டுச் செய்தது போல இருந்தது. ஒன்றில் கிளேஸ் வட்டில் ஒரு சொட்டு இறங்கியிருந்தது, தட்டியதும் விட்டுவிட்டது. ஆக, கணக்கு இது: 12-ல் பயன்படும்படி மிஞ்சியது 4, புள்ளி விழுந்ததையும் சேர்த்து. செலவு பல மணி நேரத் தேய்ப்பு, ஒரு சூளைத் தட்டு, ஆறு டைமண்ட் பிட், ஒரு முகமூடி, இரண்டு மறுசுடல். ஏழு வாரக்கடைசிகள். அந்தப் பணத்தில் பாதிக்குக் குறைவாகப் புது மண்ணும் ஒரு பிஸ்க் சுடலும் ஒரு கிளேஸ் சுடலும் முடிந்திருக்கும்.

அதனால் யாராவது இப்போது என்னிடம் கிளேஸை எப்படி எடுப்பது என்று கேட்டால், எத்தனை பாத்திரம், எவ்வளவு இடம் என்று முதலில் கேட்கிறேன். அடியில் ஒட்டிய சொட்டு, விளிம்பில் ஒரு கூர்முனை, கிளேஸ் விலகி மண் தெரியும் ஒரு காசளவு இடம், இவை என்றால் தயங்காமல் தேய்த்துச் சரிசெய்யலாம். ஊசித்துளை இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை என்றால் சுரண்டவே வேண்டாம். சூடாக்கி மேலே இன்னொரு மெல்லிய பூச்சுப் பூசி மறுபடி சுடுங்கள். கலவை எப்படி வரும் என்று ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு நிறங்கள் மறுசுடலில் மாறிப்போகக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் முழுக்கத் தப்புக் கிளேஸ் என்றால், இரண்டாவது கிடைக்காத பொருளாக இருந்தால் மட்டும் உட்காருங்கள். சாதாரணக் கிண்ணத்துக்கு அந்த உழைப்பு தாங்காது.

தோழிக்கு நடந்ததை அப்படியே சொன்னேன். காத்திருக்கிறேன் என்றாள். புதிதாக 12 கிண்ணங்களை வனைய எனக்கு ஒன்றரை நாள் ஆனது, அக்கா கேட்ட கேள்விக்கான பதில் அதுதான். அவை வெள்ளையாகவே போய்ச் சேர்ந்தன. கொப்புளக் கிண்ணம் ஒன்றில் என் தூரிகைகள் நிற்கின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்து இது எந்தக் கிளேஸ் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சுரண்டாத கிண்ணங்கள் இன்னும் இரண்டு மேசைக்கு அடியில் கிடக்கின்றன. எடுத்துத் தேய்க்கவும் மனசு வரவில்லை, தூக்கிப்போடவும் வரவில்லை.